வீங்கினால்தான் ஆறும்: கீமோகைன் ஏற்பிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்து வருகிறார்கள். வாசிப்பவர்கள் கேட்கும் கேள்விகள் மட்டும் குறையவில்லை. தைப்பூசம் முடிந்த வாரத்தில், அலகு குத்திய இடம் ஏன் இன்னும் சிவந்திருக்கிறது என்று கேட்பார்கள். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்தால் சர்க்கரை நோய் பேச்சு வரும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஆறாத கால்புண் பேச்சும் வரும். எய்ட்ஸ் கிருமி சிலரை ஒட்டுவதே இல்லையாமே என்று இளைஞர்கள் கேட்பார்கள். இவை எல்லாவற்றிலும் ஒரே குடும்பத்துப் புரதங்களுக்குப் பங்கு இருக்கிறது. அந்தக் குடும்பத்தைப் பற்றித்தான் இந்தக் கேள்வி பதில்.

கீமோகைன் என்றால் என்ன? அதற்கு ஏற்பி எதற்கு?

கீமோகைன் என்பது செல்கள் சுரக்கும் மிகச் சிறிய புரதம். ஓரிடத்தில் காயம் பட்டாலோ கிருமி நுழைந்தாலோ, அங்கிருக்கும் செல்கள் இதைச் சுரந்து வெள்ளையணுக்களை அழைக்கின்றன. மனித உடலில் ஏறத்தாழ 50 வகைக் கீமோகைன்கள் உண்டு. அழைப்பைக் கேட்கும் புரதத்துக்குத்தான் ஏற்பி என்று பெயர். அது வெள்ளையணுவின் மேற்சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும். ஒரு முனை வெளியே கீமோகைனைப் பிடிக்கும், மறு முனை உள்ளே செய்தியைச் சொல்லும். இப்படிச் செய்தி கடத்தும் வழக்கமான ஏற்பிகள் 18. இவை தவிர, வழக்கமான வழியில் செய்தி கடத்தாமல், கீமோகைனைப் பிடித்து வைப்பதையோ அப்புறப்படுத்துவதையோ தொழிலாகக் கொண்ட 4 ஏற்பிகளும் உள்ளன.

சிசிஆர்5, சிஎக்ஸ்சிஎல்8 என்ற பெயர்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறதே?

சுற்றத்தான் செய்யும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: எண்ணுக்கு முன்னால் ‘எல்’ வந்தால் கீமோகைன், ‘ஆர்’ வந்தால் ஏற்பி. முன்னால் வரும் சிசி, சிஎக்ஸ்சி என்பவை கீமோகைனில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இரண்டு ஒட்டி நிற்கின்றனவா, நடுவில் இன்னொன்று புகுந்திருக்கிறதா என்பதைக் குறிக்கின்றன. எண்கள் பெரும்பாலும் கண்டுபிடித்த வரிசை. அவற்றில் வேறு பொருள் தேட வேண்டாம்.

வெள்ளையணுவுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. வழி எப்படித் தெரிகிறது?

நெய்யில் முந்திரி வறுபடும் வாசனையைப் பிடித்துக்கொண்டு குழந்தை அடுப்படிக்குப் போய்ச் சேர்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். காயத்துக்கு அருகில் கீமோகைன் அடர்த்தியாக இருக்கும். தள்ளிப்போகப் போகக் குறையும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு தன் உடம்பின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டைக் கணிக்கிறது. அந்த வேறுபாடு ஓரிரு விழுக்காடு இருந்தாலே அதற்குப் போதும். அந்த அணுவின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது எவ்வளவு நுட்பமான மோப்பம் என்பது புரியும்.

ஆனால் முதலில் அது ரத்தக்குழாயை விட்டு இறங்க வேண்டும். ஓடும் ரத்தத்தில் கீமோகைனைக் கலந்துவிட்டால் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் ரத்தக்குழாயின் உட்சுவரில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளில் அது ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சுவரை உரசி உருண்டு வரும் நியூட்ரோஃபிலின் ஏற்பி அதைத் தொட்ட ஒரு நொடிக்குள், அணுவின் மேலிருக்கும் இன்டெக்ரின் என்ற பிடிப்புப் புரதங்கள் இறுகுகின்றன. அணு நின்றுவிடுகிறது. பிறகு சுவரின் செல்களுக்கு இடையே தன்னை நெருக்கிக்கொண்டு திசுவுக்குள் நுழைகிறது.

ஏற்பி தொடப்பட்டபின் அணுவுக்குள் என்ன நடக்கிறது?

ஏற்பியின் உள்முனையில், செய்தியை வாங்கி உள்ளே கடத்தும் ஜி-புரதம் காத்திருக்கும். கீமோகைன் வந்து பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் சற்றே மாற, ஜி-புரதம் இரண்டு துண்டாகப் பிரிகிறது. பிரிந்த துண்டுகளில் ஒன்று, அணுவுக்குள் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் கால்சியத்தை அவிழ்த்துவிடுகிறது; பிஐ3 கைனேஸ் என்ற நொதியையும் முடுக்குகிறது. முன்பக்கத்தில் ஆக்டின் இழைகள் வளர்ந்து சவ்வை முன்னே தள்ளுகின்றன. பின்பக்கத்தில் மயோசின் சுருங்கி வாலை இழுத்துக்கொள்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் வடிவமற்ற துளி ஒன்று முன்னே வழிந்து, பின்னே ஒடுங்கி, ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழத் தன் அகலத்துக்குச் சமமான தூரம் நகர்வது தெரியும்.

அந்த ஜி-புரதம் எவ்வளவு இன்றியமையாதது என்பதைக் கக்குவான் இருமல் காட்டிவிடும். அந்தக் கிருமியின் நச்சு இந்த வகை ஜி-புரதத்தைத்தான் முடக்குகிறது. லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணுக்கள் கீமோகைனின் அழைப்பைக் கேட்க முடியாமல், நிணநீர்க் கணுக்களுக்குள் நுழையாமல் ரத்தத்திலேயே சுற்றுகின்றன. கக்குவான் வந்த குழந்தையின் ரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கை எக்கச்சக்கமாக ஏறுவதற்கு இதுவே காரணம்.

அடுத்த கட்டம் எனக்கு இன்னும் பிடித்தது. செய்தி போனவுடன் ஏற்பியின் வால்பகுதியில் பாஸ்பேட் குறிகள் இடப்படுகின்றன. அரெஸ்டின் என்ற புரதம் வந்து அங்கே உட்கார்ந்து ஜி-புரதத்தை அண்டவிடாமல் தடுக்கிறது. ஏற்பி அணுவுக்குள் இழுக்கப்படுகிறது. சில ஏற்பிகள் மீண்டும் மேலே அனுப்பப்படுகின்றன, சில அழிக்கப்படுகின்றன. இதனால் அணு ஒரே அழைப்பில் மயங்கி நிற்காமல் அடுத்த அழைப்புக்குச் செவி கொடுக்கிறது. காயத்தின் வாசல்வரை கொண்டுவருவது சிஎக்ஸ்சிஎல்8 போன்ற கீமோகைன். வாசலைத் தாண்டியபின், பாக்டீரியாவிலிருந்து கசியும் ஃபார்மைல் பெப்டைடு என்ற புரதத் துணுக்குகளின் அழைப்பு மற்றவற்றை மீறிவிடுகிறது. இப்படி ஒரு முன்னுரிமை வரிசை இல்லாவிட்டால் அணு பாதி வழியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

காவடிக்கு அலகு குத்திய துளையில் நாளுக்கு நாள் என்ன நடக்கிறது?

ரத்தம் வரவில்லை என்று பக்தர்கள் சொல்வார்கள். அது முருகனுக்கும் அவர்களுக்கும் இடையிலுள்ள விஷயம், அதில் நான் நுழையவில்லை. ரத்தம் வந்தாலும் வராவிட்டாலும் தோலைப் பொறுத்தவரை அது காயம்தான்.

எலுமிச்சம்பழம் தொங்கவிட முதுகில் கொக்கி மாட்டிய இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொக்கி நுழைந்த கணமே சில செல்கள் உடைந்து, உள்ளிருந்தவை வெளியே சிந்துகின்றன. ரத்தத் தட்டுகள் தங்களுக்குள் ஏற்கெனவே தயாராக வைத்திருக்கும் கீமோகைன்களைக் கொட்டுகின்றன. தோல் செல்களும் அங்கேயே குடியிருந்து கிருமியையும் குப்பையையும் தின்னும் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளையணுக்களும் சிஎக்ஸ்சிஎல்8-ஐச் சுரக்கத் தொடங்குகின்றன. கொக்கியைக் கழற்றி விபூதி பூசி வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் நியூட்ரோஃபில்கள் சிஎக்ஸ்சிஆர்1, சிஎக்ஸ்சிஆர்2 ஏற்பிகளின் துணையோடு குவிய ஆரம்பித்திருக்கும். மறுநாள் விளிம்பு சிவந்து, தொட்டால் சுடும், அழுத்தினால் வலிக்கும். இது வேலை நடக்கிறது என்பதற்கான அடையாளம்.

இரண்டாம் மூன்றாம் நாளில் ஆள் மாறுகிறது. சிசிஎல்2 என்ற கீமோகைன் ஓங்க, சிசிஆர்2 ஏற்பியுள்ள மோனோசைட் என்ற வெள்ளையணுக்கள் ரத்தத்திலிருந்து இறங்கி மேக்ரோஃபேஜ்களாகின்றன. முதலில் கிருமியையும் சிதைந்த திசுவையும் தின்கின்றன. பிறகு குணம் மாறி, புதுத் திசு வளரச் சொல்லும் வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கின்றன. அதே நாட்களில் ரத்தக்குழாய்களும் துளிர்க்கின்றன. இங்கே ஒரு விந்தை: நியூட்ரோஃபிலை அழைத்த அதே சிஎக்ஸ்சிஎல்8, ரத்தக்குழாய்ச் செல்லின் மேலுள்ள சிஎக்ஸ்சிஆர்2-ஐத் தொட்டு, குழாயை வளரச் செய்கிறது. வீக்கத்துக்கு ஒரு மூலக்கூறு, ஆறுவதற்கு வேறு மூலக்கூறு என்று உடம்பு பிரித்து வைத்திருக்கவில்லை.

கடைசியில் எதிர்ப்பக்க ஏற்பி வேலைக்கு வருகிறது. சிஎக்ஸ்சிஆர்3 தூண்டப்படும்போது தேவைக்கு மேல் வளர்ந்த குழாய்கள் ஒடுங்குகின்றன, திசுவுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகள் ஒழுங்குபடுகின்றன. இந்த ஏற்பி இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் காயம் தாமதமாக ஆறி, தடித்த தழும்பை விட்டது. மேலே தோல் மூடிவிட்டாலும் அடியில் சீரமைப்பு மாதக்கணக்கில் நடக்கும்.

கன்னத்திலும் நாக்கிலும் குத்திய துளை மட்டும் சீக்கிரம் மூடிவிடுகிறதே?

உண்மைதான். வாயின் உட்தோல் விரைவாகவும் தழும்பு குறைவாகவும் ஆறும். அங்கே நியூட்ரோஃபிலும் மேக்ரோஃபேஜும் தோலில் வருவதைவிடக் குறைவாகவே வருகின்றன. கீமோகைன் சுரப்பும் குறைவு. வீங்கினால்தான் ஆறும் என்று தலைப்பு வைத்துவிட்டு இதைச் சொல்வது எனக்கே சற்றுச் சங்கடம். வீக்கம் தேவை, ஆனால் எவ்வளவு, எத்தனை நாள் என்பது இடத்துக்கு இடம் மாறும் என்று திருத்திக்கொள்ளுங்கள்.

மஞ்சளும் விபூதியும் வைக்கலாமா?

மஞ்சளிலுள்ள குர்க்குமின் சிஎக்ஸ்சிஎல்8 சுரப்பைக் குறைப்பதை ஆய்வுக்கூடத்துச் செல்களில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் சாப்பிட்டால் அது ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். சமையலறை டப்பாவிலிருக்கும் மஞ்சள் தூளில் கிருமி இல்லை என்று யாரும் உறுதி தர முடியாது. நெற்றியில் விபூதி, திறந்த துளையில் சுத்தமான தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதைக் காவடிக்கு முன்பே கிளினிக்கில் கேட்டுக்கொள்வது நல்லது.

வீக்கம் குறைய மாத்திரையோ களிம்போ போட்டால் ஆறுவது தடைபடுமா?

ஓரிரு நாள் வலிக்குப் பனாடோ (பாரசிட்டமால்) போடுவதால் எதுவும் கெட்டுவிடாது. ஐபுப்ரோஃபென் வேறு, சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ இருப்பவர் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

ஸ்டீராய்டுதான் கவனிக்க வேண்டியது. அது சிஎக்ஸ்சிஎல்8, சிசிஎல்2 ஆகியவை உருவாவதையே மரபணு மட்டத்தில் அடக்கிவிடும். ஆஸ்துமாவிலும் மூட்டழற்சியிலும் அதனால்தான் உயிர்காக்கும் மருந்தாகிறது. அதே காரணத்தால்தான் நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவரின் காயம் ஆறத் தாமதமாகிறது. முகம் வெளுக்க, அரிப்பு அடங்க என்று பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பீட்டாமெத்தசோன் களிம்பைத் திறந்த புண்ணில் தடவும் பழக்கம் நம்மவரிடம் இருக்கிறது. சிவப்பு போய்விடும், புண் போகாது. மருத்துவர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வந்த வெள்ளையணுக்கள் எப்படித் திரும்பிப் போகின்றன? வீக்கம் தானாக அடங்குகிறதா?

தானாக அடங்குவதில்லை, அடக்கப்படுகிறது. பல நாளாக இதைப் பற்றிய எண்ணம் வேறாக இருந்தது. அழைப்பு தீர்ந்துபோனால் கூட்டம் கலைந்துவிடும் என்றுதான் நினைத்தார்கள். இப்போது தெரிவது, கலைப்பதற்கென்றே தனி ஏற்பாடுகள் இருக்கின்றன என்பது.

செய்தி கடத்தாத ஏற்பிகள் என்று முதலில் சொன்னேன் அல்லவா, அவற்றில் இரண்டாவதான ஏசிகேஆர்2, அழற்சியை, அதாவது சிவப்பும் சூடும் சேர்ந்த வீக்கத்தை, கிளப்பும் சிசி வகைக் கீமோகைன்களைப் பிடித்து உள்ளே இழுத்து அழித்துவிடுகிறது. அது இல்லாத எலிகளின் தோலில் சின்ன உறுத்தல்கூடப் பெரிய அழற்சியாக வெடிக்கிறது. திசுவிலுள்ள மெட்டலோபுரோட்டினேஸ் நொதிகள் சில கீமோகைன்களின் நுனியை நறுக்குகின்றன. சிசிஎல்7-இன் நுனியை இப்படி நறுக்கினால், அது ஏற்பியில் போய் உட்காரும், ஆனால் தூண்டாது. நல்ல கீமோகைன் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். அதாவது அழைத்த புரதமே அழைப்பைத் தடுக்கும் புரதமாகிவிடுகிறது.

நியூட்ரோஃபில்கள் பெரும்பாலும் அங்கேயே செத்து, மேக்ரோஃபேஜுக்கு உணவாகின்றன. சாகும் தறுவாயில் அவை தம் மேற்பரப்பில் சிசிஆர்5-ஐ அதிகப்படுத்தி, சுற்றிக் கிடக்கும் கீமோகைன்களை உறிஞ்சிவிடுகின்றன. சில நியூட்ரோஃபில்கள் வந்த வழியே திரும்புவதும் உண்டு. உடம்பு கண்ணாடிபோல் தெரியும் வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் இதை நேரடியாகப் பார்த்திருக்கிறார்கள். அந்த மீனில் சிஎக்ஸ்சிஆர்4 அவற்றைக் காயத்தில் பிடித்துவைக்கிறது. அந்த ஏற்பியை அடைத்தால் கூட்டம் விரைவில் கலைகிறது.

எலும்பு மஜ்ஜையிலும் இதே ஏற்பிதான் நியூட்ரோஃபிலைக் கட்டி வைக்கிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோஃபில்கள் அங்கே உருவாகின்றன. எப்போது வெளியே விடுவது என்பது சிஎக்ஸ்சிஆர்4-க்கும் சிஎக்ஸ்சிஆர்2-க்கும் இடையிலான இழுபறி.

சர்க்கரை நோய்க்காரரின் கால்புண் ஏன் ஆறுவதில்லை?

தென்னாப்பிரிக்க இந்தியரிடையே சர்க்கரை நோய் மிக அதிகம் என்பதால் இதற்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதல் காரணம் கீமோகைன் அல்ல. நரம்பு மரத்துப்போவதால் காயம் பட்டதே தெரிவதில்லை. ரத்த ஓட்டம் குறைவதால் வர வேண்டியவை வந்து சேர்வதில்லை. செருப்புக்குள் கிடந்த சிறு கல், உள்ளங்காலில் பெருவிரலின் அடிப்பகுதியை இரண்டு நாள் உறுத்தியிருக்கும். மேலே தடித்த தோல், அடியில் ஈரம், நடுவில் பொத்தான் அளவு பள்ளம். சாக்ஸில் கறை பார்த்தபிறகுதான் விஷயம் தெரியவரும்.

அதற்குமேல்தான் ஏற்பிகளின் கதை. ஆறாத புண் என்றால் அழற்சி அதிகம் என்றே எல்லாரும் எண்ணுகிறார்கள். ஆனால் சர்க்கரை நோய் உள்ள எலிகளில் பார்த்தபோது, முதல் சில நாட்களில் சிசிஎல்2 போதுமான அளவு ஏறவில்லை, மேக்ரோஃபேஜ்கள் நேரத்துக்கு வரவில்லை. அந்தப் புண்ணில் வெளியிலிருந்து சிசிஎல்2-ஐ இட்டபோது ஆறுவது வேகமெடுத்தது. அழற்சியைக் கூட்டியதால் புண் ஆறியது! பிறகு நாட்கள் போகப்போக நிலைமை தலைகீழாகிறது. தாமதமாக வந்த நியூட்ரோஃபில்களும், குணம் மாற மறுக்கும் மேக்ரோஃபேஜ்களும் போகாமல் தங்கிவிடுகின்றன. அவை விடும் நொதிகள் புதிதாக வளரும் திசுவையே கரைக்கின்றன. வர வேண்டிய நேரத்தில் வராமல், போக வேண்டிய நேரத்தில் போகாமல் இருப்பதுதான் நோய்.

மூன்றாவதாக சிஎக்ஸ்சிஎல்12. இது சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பியின் வழியாக, ரத்தக்குழாயைப் பழுதுபார்க்கும் செல்களை மஜ்ஜையிலிருந்து புண்ணுக்கு இழுக்கிறது. சர்க்கரை நோய் எலிகளின் புண்ணில் இதன் அளவு குறைந்திருந்தது. டிபிபி4 என்ற நொதி இதை நறுக்கிச் செயலிழக்கச் செய்கிறது. சிட்டாகிளிப்டின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் தடுப்பது அந்த நொதியைத்தான். அதனால் கிளிப்டின் சாப்பிட்டால் புண் ஆறும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அவை சர்க்கரைக்கான மருந்து. புண்ணுக்கான மருந்தாக அனுமதிக்கப்பட்டவை அல்ல.

நடைமுறையில் புண்ணை ஆற்றுவது இன்றும் பழைய வழிகள்தான்: பாதத்தில் பாரம் படாமல் வைத்தல், செத்த திசுவை அகற்றுதல், கிருமித்தொற்றைக் கட்டுப்படுத்துதல், ரத்த ஓட்டத்தைச் சரிபார்த்தல், சர்க்கரையைப் பிடித்து வைத்தல். கால் மரத்துப்போனவர்கள் தீமிதிக்க இறங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை: சூடு தெரியாத கால் சீக்கிரம் எடுத்து வைக்காது. மாரியம்மனுக்கு வேறு நேர்த்திக்கடன் செலுத்தலாம்.

மாரடைப்புக்குப் பிறகு இதயம் ஆறுவதும் இப்படித்தானா?

ஏறக்குறைய. எலிகளில் இரண்டு அலை தெளிவாகத் தெரிகிறது. முதல் சில நாட்களில் சிசிஆர்2 மிகுந்த மோனோசைட்டுகள் வந்து செத்த தசையைத் தின்கின்றன; பிறகு சிஎக்ஸ்3சிஆர்1 என்ற வேறொரு ஏற்பி மிகுந்தவை ஓங்கி, குழாய் வளர்க்கவும் கொலாஜன் போடவும் துணைசெய்கின்றன. முதல் அலை அளவுக்கு மீறினால் இதயச் சுவர் மெலிந்து விரிகிறது. முதல் அலையே இல்லாவிட்டால் குப்பை அகலாமல் வடு உறுதிப்படாது. இதயத்தில் தழும்பு விழுவது நல்லதா கெட்டதா என்று கேட்டால், மாரடைப்பு வந்த இடத்தில் நல்லது, மற்ற இடத்தில் கெட்டது.

கீலாய்டு தழும்பு?

காது குத்திய இடத்திலும் அலகு குத்திய இடத்திலும் காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் தடித்த தழும்பு அது. கருநிறத் தோலில் அதிகம் வரும். குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். ஏற்கெனவே கீலாய்டு வந்தவர் மறுபடி குத்திக்கொள்வதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

எய்ட்ஸ் கிருமி சிலரைத் தொற்றாது என்பது உண்மையா?

உண்மை. உலகிலேயே அந்தக் கிருமியோடு வாழ்வோர் அதிகமாக உள்ள நாட்டில் இருக்கிறோம், அதனால் இதைச் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது.

எச்ஐவி கிருமி ஒரு செல்லுக்குள் நுழைய சிடி4 என்ற புரதம் மட்டும் போதாது. இரண்டாவதாக ஒரு துணை ஏற்பி வேண்டும் என்பது 1996-இல் தெரியவந்தது. முதலில் சிஎக்ஸ்சிஆர்4, அடுத்த சில வாரங்களில் சிசிஆர்5. இரண்டும் கீமோகைன் ஏற்பிகள்; கிருமி அவற்றைத் தன் வசதிக்குக் கடத்திக்கொண்டது. தென்னாப்பிரிக்காவில் பரவியிருக்கும் சி வகைக் கிருமி பெரும்பாலும் சிசிஆர்5 வழியாகவே நுழைகிறது.

அதே ஆண்டில் இன்னொன்றும் தெரிந்தது. சிசிஆர்5 மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டுப்போனவர்கள் சிலர் இருக்கிறார்கள். தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்தக் குறையைப் பெற்றவரின் செல் மேற்பரப்பில் சிசிஆர்5 இருப்பதே இல்லை. சிசிஆர்5 வழியாக நுழையும் கிருமிக்கு வாசல் இல்லை. வட ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 100-இல் ஒருவர் அப்படி. ஆப்பிரிக்கரிடமும் தமிழர் உள்ளிட்ட தெற்காசியரிடமும் அது மிக மிக அரிது. ‘நமக்கு ஒட்டாது’ என்று தைரியமாக இருக்க நம்மில் யாருக்கும் இடமில்லை.

பெர்லினில் சிகிச்சை பெற்ற எச்ஐவி நோயாளி டிமோதி பிரவுனுக்கு ரத்தப் புற்றுநோய்க்காக 2007, 2008 ஆண்டுகளில் இத்தகைய கொடையாளரின் மஜ்ஜைச் செல்கள் செலுத்தப்பட்டன. எச்ஐவி அவர் உடலில் திரும்பவில்லை. 2020-இல் அவர் இறந்தது புற்றுநோய் மீண்டு வந்ததால். பின்னர் இன்னும் சிலர் இவ்வாறு குணமடைந்தனர். உயிருக்கே ஆபத்தான இந்தச் சிகிச்சையைப் புற்றுநோய் இல்லாதவருக்குச் செய்ய மாட்டார்கள்.

சிசிஆர்5-ஐ அடைக்கும் மரவிராக் மாத்திரை 2007-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம் அரசு கிளினிக்குகளில் தொடக்கச் சிகிச்சையாகத் தரப்படுவது அதுவன்று. டோலுடெக்ராவிர் அடங்கிய கூட்டு மாத்திரை. அது நன்றாக வேலை செய்கிறது, விடாமல் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

2018-இல் சீனாவில் ஹெ ஜியான்குய் என்ற ஆய்வாளர் கருவிலேயே சிசிஆர்5-ஐ வெட்டிக் குழந்தைகளைப் பிறக்கச் செய்து சிறைக்கும் போனார். அந்த ஏற்பி வீணாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைப்பவர்கள் வெஸ்ட் நைல் வைரஸைப் பார்க்க வேண்டும்: சிசிஆர்5 இல்லாதவருக்கு அந்தத் தொற்று கடுமையாகும் வாய்ப்பு கூடுதல். கொசுவால் பரவும் அந்த வைரஸ் தென்னாப்பிரிக்காவிலும் இருக்கிறது.

டஃபி ரத்தவகைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

டஃபி என்பது சிவப்பணுவின் மேல் இருக்கும் ஏசிகேஆர்1. அதுவும் கீமோகைன் ஏற்பிதான், செய்தி கடத்தாத வகை. ரத்தத்தில் மிதக்கும் உபரிக் கீமோகைனைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. விவாக்ஸ் மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் நுழைய இதைத்தான் பயன்படுத்துகிறது. ஆப்பிரிக்க வம்சாவளியினரில் மிகப் பலருக்குச் சிவப்பணுவில் இது கிடையாது. அதனால் விவாக்ஸ் அவர்களுக்கு அரிதாகவே வருகிறது. தமிழர்களுக்கு இது பொதுவாக உண்டு. கல்யாணப் புடவை எடுக்கச் சென்னைக்குப் போய்த் திரும்பியபின் குளிர் காய்ச்சல் வந்தால், ‘லிம்போபோ பக்கமே போகவில்லையே, மலேரியா எப்படி வரும்’ என்று வாதாடாமல் பயண விவரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். சென்னையில் விவாக்ஸ் இருக்கிறது. மாதங்கள் கழித்தும் தலைதூக்கும்.

டஃபி இல்லாதவரின் ரத்தத்தில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை இயல்பாகவே குறைவாக இருக்கும். அது நோயல்ல. ஐரோப்பியரை வைத்து வகுத்த அளவுகோலால் அளந்து, நலமாக இருக்கும் ஆப்பிரிக்கரை நோயாளியாக்குவது நீண்ட காலம் நடந்தது. அதனால் அவர்களுக்குத் தர வேண்டிய மருந்தின் அளவைக் குறைத்ததும் உண்டு.

கோவிட் கடுமையாவதற்கும் கீமோகைன் ஏற்பிக்கும் தொடர்பு என்கிறார்களே?

மூன்றாம் குரோமோசோமில் நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்த ஒரு துண்டு, கோவிட் கடுமையாகும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 2020-இல் கண்டறிந்தார்கள். தெற்காசியரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதைச் சுமக்கிறார்கள். அந்தப் பகுதியில் சிசிஆர்9, சிஎக்ஸ்சிஆர்6 மரபணுக்கள் இருக்கின்றன. ஆனால் அதே பகுதியில் வேறு மரபணுக்களும் உள்ளன. குற்றவாளி எது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இவ்வளவு தெரிந்தும் ஏன் மருந்து வரவில்லை?

சில வந்திருக்கின்றன. மரவிராக்கைச் சொன்னேன். 2008-இல் அனுமதி பெற்ற பிளெரிக்சாஃபர் சிஎக்ஸ்சிஆர்4-ஐ அடைத்து, மஜ்ஜையில் கட்டுண்டிருக்கும் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு அவிழ்த்துவிடுகிறது. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு அவற்றைச் சேகரிக்கலாம். சிசிஆர்4-ஐக் குறிவைக்கும் மோகமுலிசுமாப் சிலவகை லிம்ஃபோமாவுக்கு (லிம்ஃபோசைட்டுகளில் வரும் புற்றுநோய்க்கு) தரப்படுகிறது. சிஎக்ஸ்சிஆர்4 அளவுக்கு மீறி வேலை செய்வதால் வெள்ளையணுக்கள் மஜ்ஜையிலேயே சிக்கிக்கொள்ளும் விம் என்ற அரிய பரம்பரை நோய்க்கு மேவோரிக்சாஃபர் 2024-இல் வந்தது.

இந்தப் பட்டியலில் மூட்டழற்சியோ குடலழற்சியோ இல்லை என்பதைக் கவனியுங்கள். அழற்சி நோய்களுக்கென்று சோதித்தவைதான் வரிசையாகத் தோற்றன. முடக்குவாதம் என்ற மூட்டழற்சிக்கு சிசிஆர்1, சிசிஆர்2 தடுப்பிகள். கிரோன் என்ற குடலழற்சி நோய்க்கு சிசிஆர்9-ஐத் தடுக்கும் வெர்சிர்னான். ஈரல் வடுவுக்கு சிசிஆர்2, சிசிஆர்5 இரண்டையும் தடுக்கும் செனிக்ரிவிராக். ஒரு கீமோகைனுக்குப் பல ஏற்பிகள், ஒரு ஏற்பிக்குப் பல கீமோகைன்கள், ஒன்றை அடைத்தால் இன்னொன்று ஈடுகட்டும் என்று வழக்கமாக விளக்கம் சொல்வார்கள். அது பாதிதான். ஏற்பியை நாள் முழுக்க, ஏறக்குறைய முழுமையாக அடைக்கும் அளவுக்குப் பல சோதனைகளில் மருந்தே தரப்படவில்லை என்று விமர்சித்தவர்களும் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: பல ஆண்டுகளாக அழற்சியோடு இருக்கும் ஒருவரின் திசுவில், ஒரே ஏற்பி ஒரு மூலையில் சேதம் செய்துகொண்டும் மறு மூலையில் பழுதுபார்த்துக்கொண்டும் இருக்கிறது. மாத்திரை இரண்டையும் சேர்த்தே அடைக்கிறது. புண்ணுக்கான கீமோகைன் மருந்து எதுவும் மருந்துக்கடைக்கு வராததற்கும் இந்தக் கால நிர்ணயச் சிக்கல் ஒரு காரணம். மூன்றாம் நாளில் வேண்டியது முப்பதாம் நாளில் கூடாது. நோயாளி எந்த நாளில் இருக்கிறார் என்பதைப் புண்ணைப் பார்த்துச் சொல்வது எளிதல்ல.

என் கீமோகைன் அளவை ரத்தத்தில் பார்த்துச் சொல்வார்களா?

ஆய்வுக்கூடங்களில் பார்ப்பார்கள், சாதாரணக் கிளினிக்கில் பார்க்க மாட்டார்கள், பார்த்தாலும் அதை வைத்துச் சிகிச்சையை மாற்ற இப்போதைக்கு வழியில்லை. அங்கே எடுப்பது சிஆர்பி, ஈஎஸ்ஆர் போன்ற பரிசோதனைகள். உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்பதை அவை சொல்லும். எங்கே, எதனால் என்பதைச் சொல்லாது. காசு கொடுத்து ‘அழற்சிப் பரிசோதனைத் தொகுப்பு’ வாங்கச் சொல்லி விளம்பரம் வந்தால், அந்தப் பணத்தில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைப் பார்த்துவிட்டு, மிச்சத்துக்குக் காலுக்குப் பொருந்தும் செருப்பு வாங்கிக்கொள்ளுங்கள்.